சத்தம் பத்தலையே

சைலன்சர் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனால், அவர் குடியிருக்கும் தெருவில் அன்று சாயங்காலம் வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், பழைய வண்டி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவர்கள், அந்த வண்டிக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று மூன்று கட்சிக்காரர்களும் இதைப் படிக்கலாம். நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு? எல்லோரும் ஒரே புகையைக் குடித்தவர்கள்தானே.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூருக்கு ஒரு கம்பெனியில் வெல்டராக வந்தவன். காண்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறாமல் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஷெட்டைப் பிடித்து சைலன்சர் கடை போட்டேன். கூட இருந்தவன் முனிராஜு, பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், கடையில் தமிழ். எங்களுக்கு வருவதெல்லாம் லாரி, டிராக்டர், கம்பெனி வேன். நாலுவழிச் சாலைக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம். பள்ளத்தில் இறங்கி ஏறி எல்லா வண்டிக்கும் அடிவயிறு கிழிந்திருந்தது. எங்கள் பிழைப்பு குறையில்லாமல் ஓடியது. அப்போதுதான் அந்த அமெரிக்கக் கார் வந்தது.

ஷட்டருக்குள் நுழையாத வண்டி

அதை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். இரண்டே கதவு. எட்டு சிலிண்டர். பானெட் மட்டும் ஒரு கட்டில் நீளம். பெங்களூரில் ஏதோ ஒரு பங்களாவின் ஷெட்டில் பல வருஷம் கிடந்ததாம். சீட்டில் கோழி குடியிருந்ததற்கான அடையாளங்கள் நிறைய இருந்தன.

வாங்கியவர் சுந்தரமூர்த்தி சார். சிப்காட்டில் பிரஸ் ஷாப் வைத்திருந்தார். வண்டிக் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் யூனிட். பிரஸ் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக மிஷின் போட்டவர். மிஷின் அடிக்கிற சத்தத்தைக் கேட்டே, உள்ளே அச்சு எந்த மூலையில் கீறல் விட்டிருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிவிடுவார் என்று சிப்காட் முழுக்கப் பேச்சு. அவருக்கு வாலிபத்தில் பெங்களூரில் ஒரு சிக்னலில் இதே மாதிரி வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றதாம். பச்சை விழுந்ததும் அது கிளம்பின சத்தம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாம். அந்தச் சத்தம் திரும்ப வேண்டும். அதுதான் எங்களுக்கு ஆர்டர். அதற்கான பைப்பும் சைலன்சரும் அமெரிக்காவிலிருந்து மச்சினர் மகன் மூலம் வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்.

வண்டியை இறக்கி ஷட்டருக்கு நேராகத் தள்ளினோம். பாதி உள்ளே போனது. மீதி பாதி ரோட்டோரம் நின்றது. முனிராஜு அதை முன்னாலிருந்து பின்னால்வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அண்ணா, இது காரா, கல்யாண மண்டபமா?”

மூன்று பாஷை

புதிய பைப் போடவேண்டுமானால் முதலில் பழையதைக் கழற்றவேண்டும். பழையதை இன்ஜினோடு பிடித்திருந்த போல்ட்டெல்லாம் துருவேறி, எது போல்ட், எது இன்ஜின் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. இந்த மாதிரி போல்ட்டைக் கழற்றியவர்களுக்குத் தெரியும். பலமாகத் திருகினால் தலை மட்டும் தனியாக வந்துவிடும். மெதுவாகத் திருகினால் நமக்கு வயசாகிவிடும்.

டீசல் விட்டு ஊறவைத்தோம். கேஸ் விளக்கால் சுட்டோம். மெழுகுவர்த்தியை உருக்கி விட்டோம். ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்தது. கடைசி ஒன்று மட்டும் அடம் பிடித்தது. முனிராஜு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைப் போட்டுவிட்டு அதனிடம் பேச ஆரம்பித்தான். அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் கொஞ்சினான், கொஞ்ச நேரம் மிரட்டினான். அப்புறம் ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் பேச்சே இல்லை. என்னடா ஆச்சு என்று குனிந்து பார்த்தேன். கையில் போல்ட்டின் தலை மட்டும் இருந்தது.

“தமிழ்ல சொன்னேன், கேக்கல. தெலுங்குல சொன்னேன், கேக்கல. கன்னடத்துல சொன்னேன், ஒடஞ்சிக்கிச்சி.”

இடதும் வலதும்

உடைந்த போல்ட்டைத் துளை போட்டு எடுத்து முடிப்பதற்குள் அமெரிக்கப் பெட்டி வந்து சேர்ந்தது. மச்சினர் மகன் அதைப் புடவைக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தான். பிரித்தால், பளபளவென்று வளைந்து வளைந்து எட்டு பைப்புகள். நான்கு நான்காகச் சேர்ந்து இரண்டு கொத்தாக இருந்தன. முனிராஜு கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டான். சுந்தரமூர்த்தி சார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இடது பக்கக் கொத்து கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கம் உட்கார மறுத்தது. காரணம் எளிமையானது. அமெரிக்காவில் ஸ்டீரிங் இடது பக்கம். நம்ம ஊரில் ஓட்டுவதற்காக யாரோ ஒரு காலத்தில் அதை வலது பக்கம் மாற்றியிருந்தார்கள். பைப்பு எந்த வழியாக இறங்கவேண்டுமோ சரியாக அந்த வழியாக ஸ்டீரிங் ராடு போய்க்கொண்டிருந்தது. பைப்பைப் போட்டால் வண்டி திரும்பாது. ஸ்டீரிங்கை வைத்துக்கொண்டால் பைப்பு ஏறாது.

“சார், ஒரே ஒரு பைப்ப மட்டும் வெட்டி, சுத்தி வளைச்சு ஒட்டிடறேன். வெளிய தெரியாது” என்றேன். அவர் அந்தப் பைப்பைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் யோசித்தார்.

“பைப்ப வெட்டாத. வேணும்னா ஸ்டீரிங்க வெட்டு.”

காவேரிப்பட்டினத்துக் கேள்வி

கடைசியில் பைப்பைத்தான் வெட்டினோம். வெட்டின துண்டை அவர் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வேலை நடக்கும்போது காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு விவசாயி டிராக்டர் சைலன்சரோடு வந்திருந்தார். கரும்பு ஏற்றி ஏற்றி ஓட்டையாகிப்போன சைலன்சர். அதை நான் ஒட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எத்தனை குதிரை சக்தி என்று முனிராஜுவைக் கேட்டார். அவன் சொன்னான். அவர் தன் டிராக்டரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து, வருத்தமான குரலில் கேட்டார்.

“இவ்ளோ பலத்த வெச்சிக்கிட்டு ரெண்டே பேரத்தான் ஏத்துதுங்களா?”

முதல் ஸ்டார்ட்

எல்லாம் பூட்டி முடித்து முதல்முறை ஸ்டார்ட் செய்த நாளை எங்கள் ரோட்டில் இன்னும் பேசுகிறார்கள். சார் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் சாவியைத் திருப்பினேன்.

அதை எப்படிச் சொல்வது? எதிர்த்த டீக்கடையில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. எங்கள் ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து துரு உதிர்ந்தது. படுத்திருந்த நாய் எழுந்து, குரைக்கவும் தோன்றாமல் ராயக்கோட்டைப் பக்கமாக நடந்து போய்விட்டது. முனிராஜு காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான். எந்தப் பாஷை என்றுகூடத் தெரியவில்லை. நான் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார் முகத்தைப் பார்த்தேன். கோயிலில் சாமி பார்க்க வந்து திரை போட்டிருந்தால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றிருந்தார்.

“சத்தம் பத்தலையே.”

மாடி வீட்டு மாஸ்டர்

சரி, அவருக்கு வேண்டியது வேறு மாதிரி சத்தம் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். சைலன்சரைத் திறந்து உள்ளே இருந்த ஒரு தடுப்பை எடுத்தோம். பத்தலை என்றார். இன்னொரு தடுப்பை எடுத்தோம். பத்தலை என்றார். ஒவ்வொருமுறையும் அவர் பின்னால் குனிந்து, புகை வரும் வாயருகே தலையைச் சாய்த்துக் கேட்பார். அப்புறம் உதட்டைப் பிதுக்குவார். சைலன்சருக்குள் எடுக்க இன்னும் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே கவலை வந்துவிட்டது.

எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு ரிடையர்ட் கணக்கு வாத்தியார் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் படியிறங்கி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. மனசு விட்டுப்போன குரலில்தான் பேசினார்.

“வண்டி ஸ்டார்ட் ஆனா பசங்க கை தட்டுறாங்க தம்பி. முப்பது வருஷமா கணக்கு நடத்தறேன், எனக்கு ஒருத்தனும் தட்டுனதில்ல.”

உழவர் சந்தைக்குப் போகும் வழியில்

ஒருநாள் காலையில் ஒரு அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முன்னால் கூடை, கூடையில் கீரைக்கட்டு. காரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கிலேயே, சுந்தரமூர்த்தி சார் வீட்டம்மா என்று தெரிந்துவிட்டது. பெயர் வசந்தா. நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

“தம்பி, நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம். இந்தச் சத்தத்தக் கொறச்சிடுங்க.”

இந்தத் தொழிலில் இது புதிதில்லை. வீட்டுக்காரர் ஏற்றச் சொல்வார், வீட்டம்மா இறக்கச் சொல்வார். நாம் நடுவில் நின்று தலையாட்டுவோம். “சாரு இன்னும் பத்தலைன்னு சொல்றாருங்களேம்மா. கொறச்சா கண்டுபிடிச்சிடுவாரே” என்றேன்.

“கண்டுபிடிக்க மாட்டாரு” என்றார். கோபமாகவோ கேலியாகவோ சொல்லவில்லை. கூடையிலிருந்த கீரை வாடிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்குப் புரியவில்லை. எவ்வளவு குறைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுவைத்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே பதில் சொன்னார்.

“நான் பேசுறது அவருக்குக் கேக்குற அளவுக்கு.”

செக்போஸ்ட்

அந்த வாரமே சார் ஒரு ஓட்டம் போய்ப் பார்க்கலாம் என்றார். அத்திப்பள்ளி வரைக்கும் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. அவர் ஓட்டினார். நான் பக்கத்தில். ஷிஃப்ட் விட்டு வந்த கம்பெனி பஸ்களிலிருந்து தலைகள் வெளியே நீண்டன. ஜூஜூவாடியைத் தாண்டி கர்நாடகா எல்லையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டி நின்றது. இன்ஜினை சார் நிறுத்தவில்லை.

போலீஸ்காரர் குனிந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

“எட்டு சிலிண்டர்” என்றார் சார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

“அமெரிக்கா” என்றார் சார், சிரித்துக்கொண்டே.

போலீஸ்காரர் இவருக்குக் கன்னடம் தெரியாது போலிருக்கிறது என்று தெலுங்குக்கு மாறி, ஆர்.சி. புத்தகம் எங்கே என்றார். “மைலேஜ் மட்டும் கேக்காதீங்க” என்றார் சார். தமிழுக்கு வந்தார். அதற்கும் சம்பந்தமில்லாமல் ஒரு பதில். சுந்தரமூர்த்தி சார் கன்னடமும் தெலுங்கும் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் போலீஸ்காரரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரை நிறுத்தினால் எல்லோரும் என்ன கேட்பார்களோ, அந்தக் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தா அம்மா சொன்னது அப்போதுதான் புரிந்தது. நான் இறங்கி ஓடிப்போய் புத்தகத்தைக் காட்டினேன். போலீஸ்காரர் அதை வாங்காமல் என்னையே பார்த்தார்.

“சாருக்கு யாவ பாஷை வரும்னு நீயே சொல்லப்பா. நான் அதுலயே திட்டறேன்.”

திரும்பும்போது

யூ டர்ன் போட்டுத் திரும்பினோம். பாலம் வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்து, மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் கிரானைட் கல் ஏற்றிய ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. பெரிய ஏர் ஹாரன். விடாமல் அடித்துக்கொண்டே எங்கள் வலது பக்கமாக ஏறி வந்தது. சார் அந்த நேரம் பார்த்து, முன்னால் போன ஆட்டோவைத் தாண்டுவதற்காக வலது பக்கம் ஒடித்தார்.

நான் “சார்!” என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம் என்று அதே நொடியில் தெரிந்துவிட்டது. கையை நீட்டி ஸ்டீரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். வண்டி மண்மேட்டில் ஏறி நின்றது. லாரி எங்களை ஒட்டி, கதவுக் கண்ணாடியில் தன் நிழல் படப் போனது. கல்லின் மேல் கட்டியிருந்த சங்கிலி ஆடினதுகூட எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஹாரன் சத்தம் ஓசூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. சார் லாரியைப் பார்க்கவேயில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

“என்னப்பா, நீ ஓட்டணும்னா கேட்டா குடுக்க மாட்டேனா?”

வசந்தா அம்மா மறுபடி வந்தார்

நான் போன் செய்து சொன்னேன். மறுநாளே வந்தார். இந்தமுறை உட்கார்ந்தார். லாரி விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். அப்புறம் அவராகவே பேசினார். பல வருஷமாகப் பிரஸ் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று சாருக்குக் காது போய்விட்டது. முதலில் வலது, அப்புறம் இடது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் அவருக்குப் போனது தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பு. டி.வி. ரிப்பேர், போன் ரிப்பேர், காலிங் பெல் ரிப்பேர். திருப்பூரிலிருந்து பேத்தி போன் செய்தால் அவள் என்ன சொன்னாலும் “நல்லா படிம்மா” என்று சொல்லிவிட்டு ரிசீவரை இந்த அம்மாவிடம் கொடுத்துவிடுவாராம். போனமுறை அவள் பாட்டுப் பாடிக் காட்டியிருக்கிறாள்.

“டாக்டர்கிட்டப் போலாம்னு சொன்னீங்களாம்மா?” என்றேன்.

“சொன்னேன். சாப்பிட்டாச்சுன்னாரு.”

முனிராஜு டீ வாங்கிவந்து கொடுத்தான். அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சத்தமும் கேக்கலன்னா அவரு ஆஸ்பத்திரிக்குப் போவாரு. நீங்க ஏத்திக் குடுத்துக்கிட்டே இருந்தா உங்க கடைக்குத்தான் வருவாரு.”

முனிராஜு முடிவெடுத்தான்

இதை எப்படி அவரிடம் சொல்வது என்று நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன். கம்பெனி முதலாளி. நம்மைவிட வயதில் மூத்தவர். காதை வைத்தே பேர் வாங்கினவர். பக்குவமாக, மெதுவாக, மனசு நோகாமல் சொல்லவேண்டும் என்று முனிராஜுவிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் அவருக்கு எப்படிக் கேட்கும் என்று அவன் கேட்டான். அதுவும் நியாயம்தான்.

சார் வந்தார். பின்னால் குனிந்து கேட்டார். பத்தலை என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே முனிராஜு அவர் முன்னால் போய் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: “சார்! சத்தம் நல்லாத்தான் இருக்குது! உங்களுக்குத்தான் காது கேக்கல!”

டீக்கடையில் பேச்சு நின்றது. மாடியில் வாத்தியார் ஜன்னலுக்கு வந்தார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. சார் முனிராஜுவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“வேணாம்ப்பா, இப்பதான் டீ குடிச்சேன்.”

கையில் பட்ட காற்று

வழி தானாகத்தான் வந்தது. மண்மேட்டில் ஏறின அதிர்ச்சியில், நாங்கள் வெட்டி ஒட்டின பைப்பு இன்ஜினோடு சேருமிடத்தில் கேஸ்கெட் என்கிற அடைப்புத் தகடு கிழிந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகப் புகை கசிந்து, ‘டிக் டிக் டிக்’ என்று ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம். தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, “சார், இங்க லீக் அடிக்குது” என்று விரலால் காட்டினேன். அவர் குனிந்தார். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். “லீக் எல்லாம் ஒண்ணும் இல்லயே. இருந்தா எனக்குத் தெரியாதா?” என்றார். அவர் கையைப் பிடித்து அந்த இடுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளங்கையில் சூடான காற்று விட்டு விட்டு அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். சுற்றிலும் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது சத்தம் போடுதா?” என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். எத்தனை நாளாக என்று கேட்டார். ஓட்டம் போய் வந்ததிலிருந்து என்று, அவருக்குத் தெரிகிற மாதிரி வாயை அசைத்துச் சொன்னேன். இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கரி பட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானப்பட்டுவிட்டாரோ என்று நான் பயந்தேன். அவர் யோசனை வேறு எங்கேயோ இருந்தது.

“ஷாப்புல எது எது இந்த மாதிரி கத்திக்கிட்டு இருக்குதோ?”

மூலையில் இருந்த மிஷின்

அடுத்து நடந்ததை அவருடைய சூப்பர்வைசர் வந்து எங்களிடம் சொன்னார். சார் எங்கள் கடையிலிருந்து நேராக பிரஸ் ஷாப்புக்குப் போயிருக்கிறார். எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒவ்வொரு மிஷினாக ஓட்டச் சொல்லி, ஆபரேட்டரைக் கூப்பிட்டு, இது என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஆபரேட்டர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி பரீட்சை வைக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

மூலையில் இருந்த ஒரு மிஷின் ரொம்ப நாளாகவே கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்ததாம். பிரித்துப் பார்த்தால், மேலே போன பிரஸ்ஸைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் தேய்ந்து தகடாகியிருந்தது. ஒருநாள் தகடு வைக்கக் கை உள்ளே போகிற நேரத்தில் அது நிற்காமல் இறங்கியிருந்தால், அந்தக் கை இல்லை. அதில் நின்றவர் ரெண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். ஏன்யா இத்தனை நாளா சொல்லவில்லை என்று சார் கேட்டிருக்கிறார். அந்த ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு சொன்ன பதிலை சூப்பர்வைசர் எங்களிடம் அப்படியே சொன்னார்.

“உங்களுக்கே கேக்கலன்னா அது சத்தமே இல்லன்னு நெனச்சிட்டோம் சார்.”

டெலிவரி

அதற்கப்புறம் யாரும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவேண்டியிருக்கவில்லை. அவரே வசந்தா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனார். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் நான் கேஸ்கெட்டை மாற்றியிருந்தேன். சைலன்சரை மட்டும் அவர் கடைசியாகச் சொன்னபடி, தடுப்பு எதுவுமில்லாமல் அப்படியே வைத்திருந்தேன். அவர் சொல்லாமல் நான் எப்படிக் குறைப்பது?

இருவரும் ஒன்றாக வந்தார்கள். கடைக்குள் நுழைந்ததுமே சார் கூரையைப் பார்த்தார். “அந்த ஃபேன் ஏன்பா இப்படிக் கத்துது?” என்றார். முனிராஜுவின் கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தார். வெளியே போன ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். வசந்தா அம்மா சத்தம் போடாமல் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். நான் சாவியைத் திருப்பினேன்.

சார் துள்ளி விழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று போனது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று காலால் ஜாடை காட்டினார். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிக்னலில் கேட்ட அந்தப் பழைய சத்தம் கிடைத்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஏன்யா, அக்கம்பக்கத்துல மனுஷங்க இருக்காங்கன்னு யோசிக்க மாட்டியா?”

சர்வீஸ்

எடுத்த தடுப்பையெல்லாம் திரும்ப வைத்தோம். இன்னும் இரண்டு அதிகமாகவும் வைத்தோம். கார் அதற்கப்புறம் பூனை மாதிரி போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போய்வந்தார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் சார் ஒதுங்கி வழிவிட்டதோடு, அது சுதி சேரவில்லை என்றும் சொன்னாராம்.

தாங்கள் இருவரும் வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வாங்கிக் குடிபோகும் யோசனையில் இருப்பதாகவும், அங்கே பக்கத்தில் மிஷின் எதுவும் இல்லை என்றும் வசந்தா அம்மா ஒருநாள் வந்து சொன்னார். கூடவே ஒரு பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பிரித்தால் உள்ளே அவர்கள் வீட்டு மிக்ஸி. நான் சைலன்சர் கடைக்காரன், மிக்ஸி ரிப்பேர் இரண்டு கடை தள்ளி என்று சொன்னேன்.

“ரிப்பேர் இல்ல தம்பி. சட்னி அரைக்கறப்ப அவருக்குக் காது வலிக்குதாம். உங்க பைப்பு எதாச்சும் இதுக்குப் பொருந்துமா பாருங்க.”

ஆகவே சக பாதிக்கப்பட்டவர்களே, பாதிப் பேர் சத்தம் கேட்கவேண்டும் என்று வருகிறார்கள், பாதிப் பேர் கேட்கக்கூடாது என்று வருகிறார்கள், நடுவில் நிற்கிற எங்களுக்குத்தான் சாயங்காலம் வீட்டில் எதையும் இரண்டுமுறை சொன்னால்தான் கேட்கிறது.